கணப்புக் கணக்கு

தெற்குச் சிலேயில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள்
ஜூன் மாதத்தில் அந்த ஊர் இருப்பதில்லை.
அது இருந்த இடத்தில் புகை இருக்கிறது.
பேருந்தைவிட்டு இறங்கியதும்
என் நாக்குதான் முதலில் தெரிந்துகொண்டது.

பையில் நூற்று நாற்பது படிவங்கள்.
ஒரு பென்சில். பேனா உறைந்துபோகும் என்று
சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.
அமைச்சகத்தின் கேள்வி ஒரே வரி:
விறகடுப்புகளை மாற்றிக் கொடுத்தோமே,
பலித்ததா?

கொடுத்தது உண்மை. ரசீது இருக்கிறது.
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு அடுப்புகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம்,
தேர்வில் தேறிய பிள்ளையோடு நிற்பதுபோல
பக்கத்தில் வீட்டுக்காரர்.
பழைய அடுப்பின் வயிற்றில் துளையிட்டு
இனி எரியாது என்று ஒரு சான்றிதழும்.

நோல்பெர்த்தோ கார்காமோ வீட்டில்
புது அடுப்பின்மேல் பூத்தொட்டி வைத்திருந்தார்கள்.
"தினமும் பயன்படுத்துகிறீர்களா?"
"ஆமாம்" என்றார் அவர்.
தொட்டியில் பூ வாடவே இல்லை.
அறையோ கதகதவென்று இருந்தது.
நான் அடுக்களைக் கதவைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு அவரே திறந்துவிட்டார்.

உள்ளே பழைய அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது,
துளையில் ஒரு செல்லாக்காசு,
சுற்றிலும் களிமண் பூச்சு.
"மரத்தூள் மூட்டை என்ன விலை தெரியுமா, செனோரா?
ஓய்வூதியம் ஆகஸ்ட் வரைக்கும் வருவதில்லை.
மலையில் விழுந்து கிடக்கும் மரம்
என்னிடம் காசு கேட்பதில்லை."

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.
நடுவே ஒரு விரற்கடை வெள்ளை.
அங்கே எழுதினேன், பென்சில் கொஞ்சம் கிழித்தது.

காற்று கெட்ட நாட்களுக்கு
அரசாங்கம் நிறங்களால் பெயர் வைத்திருக்கிறது.
எனக்கு அவை எல்லாமே கரிநாள்.
மாலை ஆறு மணி முதல் விறகு எரிக்கத் தடை.
மீறுவோரைப் பிடிக்க ஊருக்கு ஒரே இன்ஸ்பெக்டர், ஓயார்சூன்.
எட்டு மணிக்கு அவர் வீட்டுப் புகைபோக்கியிலும்
மெல்லிய நூலொன்று எழும்.
குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டாமா?

ஆனாலும் நகராட்சி மாடியிலிருக்கும் கருவி
போன வருடம் கால்பங்கு குறைவு என்றது.
தலைநகரில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
அப்புறம் வானிலைப் பதிவைப் புரட்டினேன்:
உறைபனி இரவுகள் நாற்பத்துநாலாக இருந்தவை
போன வருடம் பத்தொன்பது.
பனி இரக்கப்பட்டதற்கு
நாங்கள் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆற்றுக்கு அக்கரையில் இன்னோர் ஊர்.
அங்கே ஓர் அடுப்புகூட யாரும் கொடுக்கவில்லை.
அங்கேயும் புகை குறைந்திருந்தது.
இவ்வளவு இல்லை. ஆனால் குறைந்திருந்தது.
அதை இதிலிருந்து கழித்தால் மிச்சம் எதுவோ
அது மட்டும்தான் எங்கள் வேலை.
தூக்கிப் பார்த்தேன்.
கனமில்லை.
கை வெறுமையாகவும் இல்லை.

கடைசி நாள், எதுவினா மான்சியா.
அடுப்பு வேண்டாம் என்று சண்டைபோட்டவள்.
"குளிர் வருவது சுவர் வழியாக. சுவரை மூடுங்கள்."
வேறொரு துறை, வேறொரு கையெழுத்து, இரண்டு வருடம்,
பலகைக்குப் பின்னால் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்கள்.
அதே பழைய அடுப்பு. பாதி விறகு.
என் படிவத்தில் சுவருக்குக் கட்டமில்லை.

அவள் பின்வாசலில் நின்று
வெள்ளைப் படுக்கைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.
"ஜூன் மாதத்தில் வெளியே காயப்போட்டு
ஒன்பது வருடம் இருக்கும்.
போன மாதம் மூன்று நாள் போட்டேன்.
அண்டைவீட்டார் எரித்தால் உள்ளே எடுத்துவிடுவேன்.
எழுதிக்கொள்கிறீர்களா?"

மூன்று நாள், என்று எழுதினேன்.
"முகர்ந்து பாருங்கள்."
சோப்பு. அதற்கடியில், தூரத்தில், புகை.

"இந்த முனையைப் பிடியுங்கள்" என்றாள்.
படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தேன்.
தெருக்கோடியில் யாரோ
கணப்பு மூட்டத் தொடங்கியிருந்தார்கள்.
இருவரும் அந்தப் பக்கமே பார்த்தபடி
காற்று எப்படித் திரும்பும் என்று
நின்றுகொண்டிருந்தோம்.